குழந்தையை முதலில் தேடச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள பயிற்றுநர்களுக்கும், உடன் நின்ற அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் குழந்தைகளுக்கு எதிராக நடக்கும் குற்றங்களை விசாரிப்பதற்கான பயிற்சி முடிந்து, நாங்கள் அவரவர் நிலையத்துக்குத் திரும்பிவிட்டோம். நிறைவு விழாவில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. எங்களை அதிகம் மாற்றியவர்கள் பலரை அன்று யாரும் மேடைக்கு அழைக்கவே இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். அவர்கள் செய்யும் வேலை அப்படிப்பட்டது என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

தடயவியல் ஆய்வகத்திலிருந்து வந்த அம்மையாருக்கு முதல் நன்றி. கைப்பற்றும்போது செல்போன் திறந்த நிலையில் இருந்தால் அவசரப்பட்டு அணைக்காதீர்கள், அணைத்தால் மறுபடி திறக்க முடியாமலே போகலாம் என்றார். தூரத்திலிருந்து யாரும் அழித்துவிடாமல் இருக்க, அலைவரிசை புகாத உறையில் போடச் சொன்னார். உறைக்குள் சிக்னல் தேடித் தேடி பேட்டரி தீர்ந்துவிடும் என்று பவர் பேங்கையும் சேர்த்து வைக்கச் சொன்னார். இதெல்லாம் கையேட்டிலும் இருக்கும். ஆனால் பலகையில் அவர் எழுதிய ஒரு வரியை நான் மறக்க மாட்டேன். ஒரு ஐ.பி. முகவரி, அதாவது இணைய இணைப்புக்குச் சேவை நிறுவனம் தரும் எண், பக்கத்தில் ஒரு நேரம், அவ்வளவுதான். "இதை வைத்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?" என்று கேட்டார்.

யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது என்பதுதான் விடை. நிறுவனங்கள் அனுப்பும் அறிக்கைகளில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரப்படி இருக்கும். அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டால், அந்த முகவரி வேறொருவரிடம் இருந்த நேரத்தைக் கேட்டுவிடுவோம். செல்போன் வலையமைப்பில் ஒரே முகவரியை ஒரே நொடியில் எத்தனையோ பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் துல்லியமான நொடியும் இல்லாவிட்டால் சேவை நிறுவனத்தாலேயே ஆளைப் பிரித்துச் சொல்ல முடியாது. தவறான வீட்டுக்குப் போனால் ஒரு குடும்பத்தின் மானம் ஒரே காலையில் போய்விடும். அதற்குள் உண்மையான ஆள் எல்லாவற்றையும் அழித்துவிடுவான். அந்தக் குழந்தை அவன் பிடியிலேயே இருக்கும்.

குழந்தைகளிடம் பேசக் கற்றுக்கொடுத்த உளவியலாளருக்கும், கூடவே வந்த அரசு வழக்கறிஞருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது? ஒத்திகையில் உளவியலாளர் குழந்தையாக உட்கார்ந்தார். எங்களில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்: "படம் அனுப்பச் சொல்லி அவன் மிரட்டினானா?" குழந்தை தலையாட்டியது. உடனே வழக்கறிஞர் எழுந்து, எதிர்த்தரப்பாக நின்று, "மிரட்டினான் என்ற வார்த்தை முதலில் யார் வாயிலிருந்து வந்தது?" என்றார். அறையே அமைதியாகிவிட்டது.

அப்புறம், வார்த்தையை வாயில் திணிக்காமல் குழந்தையே சொல்லும்படி கேட்பதற்கான என்.ஐ.சி.எச்.டி. என்ற பேட்டி நெறிமுறைப்படி அதே பேட்டியை மறுபடி நடத்தினோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் நீ திருத்தலாம் என்று முதலிலேயே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். வழக்கோடு சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு நாளைப் பற்றிப் பேசவிட்டுப் பழக்க வேண்டும். பிறகு, "நடந்ததை எல்லாம் சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எங்கள் தொழிலில் யாருக்கும் எளிதாக வருவதில்லை. ஐஸ்லாந்தில் 1998-இல் தொடங்கிய 'பார்னாஹூஸ்' பற்றியும் அன்றுதான் விரிவாகக் கேட்டோம். குழந்தையை ஒவ்வொரு அலுவலகமாக அலைக்கழிக்காமல் போலீஸ், வழக்கறிஞர், மருத்துவர், உளவியலாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வருகிறார்கள். இது எல்லா ஊரிலும் நடக்க வேண்டிய காரியம்.

படங்களிலிருந்து குழந்தையை அடையாளம் காணும் வகுப்பை நடத்தியவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் 2017 முதல் செய்துவருவதைப் போல, படத்தின் பின்னணியில் இருக்கும் ஒரு பையையோ திரைச்சீலையையோ மட்டும் வெட்டியெடுத்துப் பொதுமக்களிடம் காட்டி இடத்தைக் கேட்கலாம் என்று விளக்கினார்கள். இன்டர்போலின் சர்வதேசப் படத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதால், வேறொரு நாட்டில் ஏற்கெனவே மீட்கப்பட்ட குழந்தையைத் தேடி நாங்கள் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அந்த நேரம் இன்னும் மீட்கப்படாத குழந்தைக்குப் போய்ச் சேரும்.

இந்தப் படங்களைப் பார்க்க வேண்டிய எங்களைப் பற்றி யோசித்த ஆலோசகருக்கும் நன்றி. முதலில் ஒலியில்லாமல் பாருங்கள், முடிந்தால் கறுப்பு வெள்ளையில், சிறிய அளவில் பாருங்கள், வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பார்க்காதீர்கள் என்றார். இவற்றை எங்கள் பிரிவில் இப்போது விதியாகவே வைத்துவிட்டோம்.

சிறுமியாக இருந்தபோது இந்தக் கொடுமைக்கு ஆளாகி, இன்று வளர்ந்து எங்கள் முன் வந்து பேசிய அந்தப் பெண்ணுக்கு நன்றி என்ற சொல் சிறியது. குற்றவாளி சிறைக்குப் போன பிறகும் தன் படங்கள் கைமாறிக்கொண்டே இருப்பதை அவர் சொன்னார். 2009-இல் வந்த போட்டோடிஎன்ஏ போன்ற நுட்பங்கள், அளவை மாற்றிப் பதிவேற்றினாலும் பழைய படத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று முந்தைய நாள்தான் படித்திருந்தோம். அது யாருக்காக என்பது அவர் பேசியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. சகோதரி, உங்களை நாங்கள் கேள்வி கேட்க வேண்டாம் என்று முன்பே முடிவு செய்தது ஏற்பாட்டாளர்களின் பண்பு. அதற்கும் நன்றி.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த அணிக்கு மென்பொருள் வகுப்புகளைக் கொஞ்சம் குறைத்து, குழந்தையிடம் பேசும் ஒத்திகைக்கு இன்னும் சில நாட்கள் கொடுங்கள். மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும், வேலை செய்யும்போதே பழகிக்கொள்ளலாம். முதல் பேட்டியைக் கெடுத்துவிட்டால் சரிசெய்வது மிகக் கடினம். ஒத்திகைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், குழந்தையாக உட்கார எங்கள் பிரிவிலிருந்து ஆள் அனுப்புகிறோம்.

அன்புடன்,
பயிற்சி பெற்ற புலனாய்வு அதிகாரிகள் சார்பில் ஒருவர்