பிடி அரிசி தந்தவர்களுக்கும் அதைப் பகிரக் கற்பித்தவர்களுக்கும்

அன்புக்கும் மதிப்பிற்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

திருச்சியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 2017 முதல் 2020 வரை வணிகவியல் படித்தேன். அங்கே நாட்டு நலப்பணித் திட்ட மாணவியாகவும், இரண்டாம் ஆண்டிலிருந்து, மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பிடி அரிசியைச் சேர்த்துத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கும் பிடி அரிசிக் குழுவின் கணக்கு எழுதுபவளாகவும் இருந்தேன். சென்ற மாதம் ஊரக வாழ்வாதார இயக்கத்தில் வட்டார ஒருங்கிணைப்பாளராகப் பணியில் சேர்ந்துள்ளேன். நேர்முகத் தேர்வில், மக்களோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். அந்த அரிசிக் கணக்கு நோட்டைப் பற்றித்தான் கால் மணி நேரம் பேசினேன். அந்த நோட்டின் பின்னால் நின்றவர்களுக்கு இத்தனை நாளாக ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்று வெளியே வந்ததும் மனம் உறுத்தியது. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் வீட்டுப் பெண்களுக்கு. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. திங்கட்கிழமை காலையில் அதைச் சிறு பையில் கட்டிக் கொடுத்து அனுப்பினீர்கள். எங்கள் வகுப்பில் பலருடைய வீட்டில் விலையில்லா ரேஷன் அரிசிதான் பொங்கும். அதைக் கொண்டுவரலாமா என்று ஒரு மாணவி கூச்சத்தோடு கேட்டபோது, “உங்கள் வீட்டில் எது வேகிறதோ அதில் ஒரு பிடி போதும்” என்று திட்ட அலுவலர் அம்மா சொன்னார்கள். அன்று முதல் கொடுப்பவர், வாங்குபவர் என்று எங்களுக்குள் இருந்த கோடு அழிந்துபோனது.

அடுத்து, குழந்தைகள் இல்லமொன்றின் சமையல்கார அக்காவுக்கு. முதல் ஆண்டில் பொன்னி, பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டி, மூட்டை கட்டிப் பெருமையோடு கொண்டுபோய் இறக்கினோம். அக்கா மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு, “கண்ணு, இது ஒண்ணா வேகாதும்மா. ஒண்ணு குழையும், இன்னொண்ணு நறுக்குன்னு நிக்கும்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். மறுவாரமே மூன்று டிரம் வாங்கிப் பெயர் எழுதி ஒட்டினோம். கொடுக்கிறவன் தன் டிரம்மைப் பார்த்தால் போதாது, வாங்குகிறவரின் பானையைப் பார்க்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில், மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்பது விதி. அந்த மணிக் கணக்கை நிரப்பிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகவும் முடியும். எங்கள் திட்ட அலுவலர் அம்மா அப்படி விடவில்லை. சேர்ந்த அரிசியும் உண்டியல் பணமும் யாருக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பைப் பன்னிரண்டு மாணவர்களிடம் முழுவதுமாக ஒப்படைத்துவிட்டு, மாதக் கடைசியில் நடக்கும் கூட்டத்தில் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மாதம், ஒரு முதியோர் இல்லமும் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பங்களும் ஒரே நேரத்தில் கேட்டிருக்க, எங்களிடம் ஒரு மூட்டைதான் இருந்தது. கடைசிப் பேருந்தைத் தவறவிடும் அளவுக்கு வாதாடினோம். அதுவரை கூட்டத்தில் வாய் திறந்திராத நான், இல்லத்துக்கு மாதந்தோறும் தருபவர்கள் இருக்கிறார்கள், சூளைக்கு யாருமில்லை என்று எழுந்து சொன்னேன். குரல் நடுங்கியது. எல்லாரும் ஒத்துக்கொண்ட பின், இல்லத்துக்குப் போய் இந்த மாதம் இயலவில்லை என்று நேரில் சொல்லும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். ‘இல்லை’ என்பதை மரியாதையோடு சொல்லப் பழகியது அந்த வாசற்படியில்தான். அம்மா, நீங்கள் அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்திருக்கும். சொல்லாமல் இருந்ததற்கு என் வாழ்நாள் நன்றி.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, இருந்த அரிசியை எல்லாம் அன்றே வேனில் ஏற்றத் துடித்தோம். முதலில் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து எங்களோடு படித்த தோழியிடம் கேட்டோம். இரண்டு நாள் முயன்ற பிறகே அவளுடைய தொலைபேசி கிடைத்தது. தென்னந்தோப்பு முழுதும் சாய்ந்துவிட்டது, கூரை இல்லை, மின்சாரம் இல்லை, அரிசி லாரி லாரியாக வருகிறது, தார்ப்பாயும் கொசுவத்தியும் மரம் வெட்டி அப்புறப்படுத்த ஆட்களும் கொண்டுவாருங்கள் என்றாள். உண்டியல் பணத்தில் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு அரிவாளோடு போனோம். விழுந்து கிடந்த மரங்களிலிருந்தே இளநீர் சீவி எங்களுக்குக் கொடுத்தார் அவளுடைய அப்பா. இருபது ஆண்டு வளர்த்த மரத்தின் கடைசிக் காய் அது என்று தெரிந்தும் வாங்கிக் குடித்தோம், மறுத்தால் அவர் மனம் நோகும் என்பதால். லாரிகள் வருவது நின்ற பிறகு, டிசம்பர் கடைசியில் எங்கள் அரிசி அந்த ஊருக்குப் போனது. அந்தக் குடும்பத்துக்கும் ஊருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது.

கணக்கு எழுதக் கற்பித்தவர் என் அம்மா. மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தவர், வரவையும் செலவையும் கூட்டத்தில் எல்லார் முன்பும் உரக்கப் படித்துக் கையெழுத்து வாங்கும் முறையை எனக்குச் சொல்லித் தந்தார். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அந்தக் குழுக்களோடுதான் இன்று என் வேலை. ஊருக்குள் நுழைந்ததும் திட்டத்தைப் பேசத் தொடங்காமல், இங்கே என்ன வேகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முயல்கிறேன்.

விடுதிச் சமையலறையில் டிரம் வைக்க இடம் தந்தவர்களுக்கும், மூட்டை தூக்க வந்த ஆட்டோ அண்ணன்களுக்கும், சாயங்காலக் கூட்டங்களுக்கு மகளை நம்பி விட்ட பெற்றோருக்கும் என் வணக்கம். மூன்று டிரம்களும் அதே இடத்தில் இருப்பதாக இப்போது கணக்கு எழுதும் தங்கை சொன்னாள். வருகிற திங்கட்கிழமை எங்கள் வீட்டுப் புழுங்கலரிசியோடு கல்லூரிக்கு வருகிறேன்.

நன்றியுடன்,
பிடி அரிசிக் குழுவின் முன்னாள் மாணவி