2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் வழக்கமான வேலைகள் தடையில்லாமல் நடந்தன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு லாட்ஜ் பார்த்துக் கொடுத்தோம், ரத்தம் கொடுக்க ஆள் அனுப்பினோம், வங்காளம் மட்டுமே பேசத் தெரிந்தவர்களுக்குத் துணைக்குப் போனோம். இவை நீங்களே கூட இருந்து செய்தவை என்பதால் விரிக்கவில்லை. மாதக் கூட்டங்களில் பேசிய, செல்லுக்குள் புரத அளவைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்துண்டு பற்றித்தான் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும்.

2024 அக்டோபரில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் இதைக் கண்டுபிடித்ததற்காக மருத்துவ நோபல் அறிவித்ததும், இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று பலரும் கேட்டார்கள். 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இவர்கள் கண்டது, ஏறக்குறைய 22 மரபு எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துண்டு. மரபணுவின் செய்தியைக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வில் அது ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைக் குறைத்துவிடும். மனித உடலிலும் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இவற்றின் அளவு பிசகினால் ஆபத்து. ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் பலருக்கு அழிந்தோ குறைந்தோ போயிருப்பதை 2002-இல் ஆய்வாளர் கார்லோ குரோச்சேயின் குழு காட்டியது. சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் காக்கும் பி.சி.எல்-2 புரதத்தை அடக்கி வைப்பவை இவை. அடக்க ஆளில்லாமல் போனால் கெட்ட செல்கள் பெருகிக்கொண்டே போகும். மிர்-21 இதற்கு நேர்மாறு. பல வகைக் கட்டிகளில் அது அளவுக்கு மீறிச் சுரந்து, வளர்ச்சிக்குத் தடை போடும் புரதங்களையே அமுக்கிவிடுகிறது.

"அப்போ குறைஞ்சதை ஊசியில ஏத்திட்டா சரியாயிடுமா?" என்று ஒரு நோயாளியின் மகன் கேட்டார். அந்த ஆண்டின் மிக நல்ல கேள்வி அதுதான். கட்டிகளில் குறைந்துபோகும் இன்னொன்றான மிர்-34-ஐப் போலச் செய்த மருந்தை 2013-இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளர்ந்து உயிரிழப்பும் நேர்ந்ததால் 2016-இல் நிறுத்திவிட்டார்கள். கட்டிக்குள் மட்டும் போய்ச் சேரும்படி மருந்தை அனுப்புவதுதான் இன்னும் பெரிய சிக்கல். புற்றுநோய்க்கென அனுமதி பெற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து இதுவரை ஒன்றுகூட இல்லை. இதைக் கேட்டு அந்த மகனின் முகம் வாடியது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பொய்யான நம்பிக்கையில் யாரும் கீமோவைத் தள்ளிப்போடக் கூடாது.

ரத்தத்தில் இவை எளிதில் சிதையாமல் மிதப்பதால், நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவலாம் என்று ஆய்வுகள் நடக்கின்றன. அதுவரை வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் பரிசோதனையே நம் கையில் இருப்பது. வரும் ஆண்டில் ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைத் தொழிலாளர் குடும்பங்களிடமும் இதைக் கொண்டுபோகச் செயற்குழு முடிவு செய்துள்ளது. வாகனச் செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்
வேலூர்