வீடு கடைசியில் வரட்டும், தம்பி

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய வீட்டுப் படத்தைப் பார்த்தேன். வட்டமான மண் சுவர், நடுவில் முற்றம், மேலே படிக்க ஓர் அறை, மொத்தம் 1,400 சதுர அடி. அழகாகத்தான் இருக்கிறது. நிலம் வாங்கிக் கிராமத்தில் குடியேற நீ கூடவே எழுதிய திட்டத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். சித்திரையில் வேலையை விடுவது, வைகாசியில் கடைக்கால் தோண்டுவது, ஐப்பசியில் பால் காய்ச்சுவது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டு ஏக்கருக்கு இன்னும் பத்திரம்கூட ஆகவில்லை! போனில் சொல்லியிருக்கலாம். இதே கணக்கோடு வேறு சிலரும் என்னிடம் கேட்கிறார்கள், அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வராதே என்று சொல்ல மாட்டேன். நானே இந்தப் பக்கம் வந்து குடியேறியவள். ஆனால் உன் திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பச் சொல்வேன். முதலில் தண்ணீர், பிறகு மரம், அப்புறம் சாப்பாட்டுக்கு வழி, கடைசியில் வீடு. வேலையை விடுவது அதற்கும் பிறகு.

மாதங்களையே எடுத்துக்கொள். மண் சுவர் ஒரே மூச்சில் எழும்பாது. மண்ணை ஊறவைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வைக்கோல் போட்டு மிதித்து, ஒன்றரை அடி உயரம் வைத்தால் அது இறுகும்வரை அடுத்த அடுக்கைத் தொடக்கூடாது. ஈரச் சுவர்மேல் பாரம் ஏற்றினால் அடி பிதுங்கிக்கொண்டு வரும். தையில் அறுப்பு முடிந்து வைக்கோல் கிடைக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். மாசி, பங்குனி, சித்திரை, இந்த மூன்றும்தான் சுவர் வைக்கிற மாதங்கள். நீ தொடங்க நினைக்கும் வைகாசியில் இடி மழை வந்துவிடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு. ஆவணி, புரட்டாசியில் மத்தியானம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் கொட்டும். ஐப்பசி, கார்த்திகை பற்றிக் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. கூரை ஏறாத மண் சுவரை அந்த மழையில் நிறுத்திவிட்டு எந்த அடுப்பில் பால் காய்ச்சுவாய்?

ஆகவே நிலம் கைக்கு வந்த முதல் வருஷம் ஒரே ஒரு பெரிய வேலை போதும். பண்ணைக்குட்டை வெட்டு. நிலத்தின் பள்ளமான மூலையில் 30 அடிக்கு 30 அடி, ஐந்தடி ஆழம். மேல் ஓரடி மண்ணைத் தனியாக எடுத்துக் கழனியில் பரப்பிவிடு. அது பயிருக்கான மண். வேரும் மக்கும் கலந்திருப்பதால் சுவருக்கு உதவாது. அதற்குக் கீழேதான் உன் வீடு இருக்கிறது. கரையைச் சரிவாக விட்டாலும் 2,000 கன அடிக்குமேல் மண் வரும். 600 சதுர அடி வீட்டுக்கு, நடுச்சுவரும் சேர்த்து, சுமார் 130 அடி நீளச் சுவர். ஒன்பதடி உயரம், ஒன்றேகால் அடி தடிமன் என்று வைத்தால் 1,460 கன அடி. பூச்சுக்கும் தரைக்கும்கூட மிச்சம் இருக்கும். கீழே முரம்பு (சரளை மண்) தட்டினால் கவலைப்படாதே, அது தரைக்கு ஆகும். காந்தி சொன்னதாக, மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஒன்றைச் சொல்வார்: வீட்டுக்கான பொருள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைத்ததாக இருக்க வேண்டும். உனக்கு ஐந்து மைல்கூட வேண்டாம்.

குட்டை வெட்டும்போதே மண்ணைச் சோதித்துவிடு. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வை. மணல் சில நிமிஷத்தில் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாள். களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்ல சுவர் மண். கூடினால் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். குறைந்தால் உதிரும். கரிசல் கலந்திருந்தால் அந்த மூலையை விட்டுவிடு. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மண்மேல் எந்தச் சுவரும் சும்மா நிற்காது.

நான் 600 சதுர அடி என்று கணக்குப் போட்டது உனக்குப் பிடித்திருக்காது. ஆனால் மண் வீடு மலிவு என்று உனக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். சிமென்டுக்கும் கம்பிக்கும் போகிற பணம் இங்கே கூலிக்குப் போகும். அதில் எனக்குச் சந்தோஷம்தான், பணம் ஊருக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு சதுர அடியையும் யாரோ ஒருவர் காலால் மிதித்திருக்க வேண்டும். 1,400 சதுர அடிக்கு எத்தனை கால் வேண்டும் என்று பார்த்துக்கொள். மாடியை அடித்துவிடு. வட்டத்தையும்தான். வட்டத்துக்கு ஓட்டுக் கூரை போட்டால் தச்சர் பாதி மரத்தை வெட்டியே வீணாக்குவார்.

கருங்கல்லுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. கடைக்காலைக் கல்லில் கட்டி, தரையிலிருந்து இரண்டடி உயர்த்து. அதன்மேல் ஒரு பட்டை சிமென்ட் போட்டு, பிறகு மண்ணைத் தொடங்கு. ஈரம் ஏறாது, கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். சிமென்டைத் தொடவே மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த விரதத்தைக் கொஞ்சம் தளர்த்து. கடைக்கால் பட்டை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, இந்த மூன்றுக்கும் வாங்கு. சுவர்ப் பூச்சுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். மண் சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிழும். சுண்ணாம்புதான் அதற்குச் சரியான துணை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்துப் பூசும் கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். தேட வேண்டும், வயதானவர்களாக இருப்பார்கள், அவர்களுக்கு வசதியான நாளில்தான் வருவார்கள். கூரைக்குப் பனஞ்சட்டம், மேலே ஓடு. முதிர்ந்த பனையின் கருத்த வைரத்தைக் கரையான் லேசில் தொடாது. தாழ்வாரம் மூன்றடி வெளியே நீளட்டும். கீற்றுக் கூரை அழகு என்று சொல்வாய். கீற்றில் வழியும் மழைநீர் குடிக்க உதவாது.

தண்ணீர்க் கணக்கு ஓட்டுக் கூரையில்தான் நிற்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உன் 600 சதுர அடி, தோராயமாக 56 சதுர மீட்டர். வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் என்று வைத்து, சிந்தியது சிதறியது கழித்தாலும் 45,000 லிட்டர் கிடைக்கும். நான்கு பேர் குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லிட்டர் போதும். தை முதல் ஆனி வரை ஆறு மாதத்துக்கு 7,200 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் குடிநீருக்கு போர் போட வேண்டியதில்லை. பயிருக்குக் கிணறு வேண்டும், அது வேறு. நிலம் வாங்குமுன் பக்கத்துக் கிணறுகளைச் சித்திரையில் எட்டிப் பார். கார்த்திகையில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். தரகர்கள் நிலம் காட்ட அழைத்துப் போவதும் அப்போதுதான்.

சாப்பாடு முழுக்க நம் நிலத்திலேயே விளைந்துவிடும் என்று நீ எழுதியது பாதி சரி. நான்கு பேருக்கு வருஷத்துக்கு 400 கிலோ அரிசி என்றால் 650 கிலோ நெல். தூயமல்லியோ மாப்பிள்ளைச் சம்பாவோ, தண்ணீர் இருந்தால் அரை ஏக்கரில் ஒரு போகத்தில் எடுத்துவிடலாம். மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் நிற்கும், அதுவரை கிணறு தாங்க வேண்டும். எண்ணெய்க்குக் கால் ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) போதும், மயிலும் காட்டுப்பன்றியும் விட்டுவைத்தால்! இந்த இரண்டையும் உன் திட்டத்தில் எங்கும் காணோம். விதைத்த அன்றைக்கே மயில் வந்துவிடும், காய் பிடிக்கும்போது பன்றி வரும். இரவுக் காவலுக்கு யார்? சாமை, தினை போடலாம். ஜவ்வாது மலையில் சாமை நன்றாக விளைகிறது. ஆனால் உமி நீக்க மிஷின் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விதை. உப்பை எப்படியும் கடையில்தான் வாங்குவாய்; அதனால் முழுத் தற்சார்பு என்ற பேச்சை நான் எடுப்பதே இல்லை.

ஒரு பசு, அதில் சாண எரிவாயு என்று எழுதியிருக்கிறாய். ஒரு பசு நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போடும். உன் குடும்பத்துச் சமையலுக்கு இரண்டு கன மீட்டர் கலன், அதற்கு நாளுக்கு 50 கிலோ. நான்கைந்து மாடு கட்டினால்தான் அடுப்பு எரியும். மாடு கட்டியவன் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஓர் இரவு தங்க முடியாது. இரண்டு வருஷம் போகட்டும். அதுவரை சிலிண்டர் இருக்கட்டும், கொஞ்சம் விறகடுப்பு இருக்கட்டும்.

மின்சாரத்திலும் வீம்பு வேண்டாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஓர் அளவு வரை யூனிட் இலவசம். குறைந்த மின்சாரம் இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இரண்டு, எல்.இ.டி. விளக்குகள், செல்போன், லேப்டாப் என்று நிறுத்திக்கொண்டால் 100 யூனிட்டுக்குள் அடங்கும். ஃபிரிட்ஜ் வந்தால் தாண்டும். சோலார் போடு, ஆனால் பேட்டரியின் விலையை ஒருமுறைச் செலவாக எழுதாதே. ஈய பேட்டரியை ஐந்தாறு வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். பேட்டரி இல்லாமல் ஊர் மின்கம்பியோடு இணைக்கும் ஆன்-கிரிட் சோலார் போட்டால் ஊரில் கரன்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும். பம்புசெட்டின் இலவச இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்காதே. யாராவது தரகர் அதையும் ஒரு யோசனையாகச் சொல்லியிருப்பார்.

மரங்களை முதல் ஆடியிலேயே வைத்துவிடு. முருங்கை எட்டு மாதத்தில் காய்க்கும், பப்பாளி ஒரு வருஷத்துக்குள். தென்னைக்கும் மாவுக்கும் ஐந்து வருஷம் ஆகும், அதனால்தான் வீடு கட்டுவதற்கு முன்பே அவை வர வேண்டும். தங்குவதற்கு ஒரு ஷெட் போதும், பத்துக்குப் பன்னிரண்டு. சனி, ஞாயிறு வந்து போ. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் எத்தனை தூரம், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு எந்த வழியில் போவது என்பதெல்லாம் அந்த ஷெட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். உன் மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட நீ எழுதவில்லை. அவளையும் ஒரு ஆடிக் காற்றில் அழைத்து வா. மார்கழியில் கூட்டிவந்து காட்டி ஏமாற்றாதே.

வீடியோ பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு தரம் மண்ணில் கை வை. ஆரோவில் புவி நிறுவனம் மண் கட்டுமானத்துக்குப் பயிற்சி தருகிறது. உழவுக்கு, கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை விவசாயி நம்மாழ்வார் தொடங்கிய வானகம் பண்ணை இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே லீவு போட்டுப் போகலாம்.

கடைசியாகப் பத்திரம். பட்டா, சிட்டா, 30 வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், புலப்படம் எல்லாம் பார். நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை எழுத்தில் இருக்கிறதா, வாய்ச்சொல்லா? கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் பஞ்சமி நிலம் என்று இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடு. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கிய நிலம் அது. வேறு யாருக்கும் விற்கச் சட்டம் இடம் தராது, விற்கிறவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சரி, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. மலிவாக இருக்கிறது என்று நீ எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது.

முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டாயா? அதை மட்டும் இன்றைக்கே போனில் சொல். சர்வே எண்ணையும் அனுப்பு, நானே தாலுகா ஆபீசில் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா