அப்புத்தளைக் காற்றும் டௌப்போ ஏரியும்

வெலிங்டன்,
நியூசிலாந்து.

அன்புள்ள அம்மா, அப்பா, அக்கா, தம்பி எல்லோருக்கும்,

அக்காவின் கடிதமும் பார்சலும் வந்து சேர்ந்தன. மிளகாய்த்தூள் பை ஓரத்தில் பிரிந்து தேயிலைக்குள் கொஞ்சம் கொட்டிவிட்டது. பரவாயில்லை, சளிக்கு நல்லது என்று அதையே ஊற்றிக் குடிக்கிறேன். கடிதம் போட ஏன் இவ்வளவு நாள் என்று அம்மா கேட்டிருக்கிறீர்கள். போனில் பேசினால் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா"விலேயே போய்விடுகிறது, மீதி நேரம் மாமா பறித்துக்கொள்கிறார். இனி எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போட்டோ. கறுப்பு உடுப்போடு நான் நிற்பதைத் தம்பி நம் லயத்து வீடுகள் முழுக்கக் காட்டியது வினையாகிவிட்டது. நான் கப்பலில் சேரவில்லை, மீன் பிடிக்கவும் போகவில்லை என்று பண்டாரவளை மாமாவிடம் சொல்லுங்கள். அது ஒரு போட்டி. ட்ரையத்லன் என்று பெயர். முதலில் நீந்த வேண்டும், கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் ஓட்ட வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். இடையில் உடுப்பு மாற்றும் நேரமும் கணக்கில்தான் சேரும். வென்றால் காசு தருவார்களா என்று அம்மா கேட்பீர்கள். தர மாட்டார்கள், நாம்தான் கட்டிச் சேர வேண்டும். ஆனால் நான் கட்டவில்லை, பக்கத்து வீட்டு ஆச்சி கட்டினார்.

அவரைப் பற்றி முன்பே சொன்னேனே, வந்த புதிதில் நான் பயந்து செத்த கதை. இரவில் சன்னல் வழியே பார்த்தால் அவர் வேலியில் தலையில்லாத ஒரு கறுப்பு ஆள் காற்றில் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. முனிதான் என்று திருநீறு பூசிக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அது நீந்துவதற்குப் போடும் ரப்பர் உடுப்பு, காயப் போட்டிருந்தார். வயது எழுபதுக்குக் கிட்ட. விடிய நாலு மணிக்கு எழுந்து, கராஜுக்குள் சைக்கிளை ஒரு தாங்கியில் மாட்டி மிதிக்கிறார். சைக்கிள் ஓர் அடி நகராது, ஆச்சிக்கு வியர்வை ஊற்றும். அம்மா அனுப்பும் டஸ்ட் தேயிலையில் ஒரு நாள் சாயம் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கதவைத் தட்டுவதற்கு அவருக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. சீனி மட்டும் போட மாட்டார், அது ஒன்றுதான் குறை.

சனி ஞாயிறில் ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் ஒரு சின்ன வேலை பார்க்கிறேன், பொழுதுபோக்குக்குத்தான். வேலை முடிந்ததும் காசில்லாமல் நீந்த விடுகிறார்கள். பீலியில் வழியும் தண்ணீரில் குளித்து வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கே தெரியும்? அந்தக் குளத்தில் ஆச்சி கரையில் நின்று கத்திக் கத்திப் பழக்கினார். முதியோர் இல்லத்து வேலை இந்த மாதம் இலகு, வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும் என்கிறார்கள். அதனால் பயிற்சிக்கு நேரம் நிறைய இருந்தது.

போட்டி நடந்தது டௌப்போ என்ற ஏரிக்கரை ஊரில். இங்கிருந்து காரில் நாலைந்து மணி நேரம். இந்த நாட்டிலேயே பெரிய ஏரி அதுதான். எரிமலை வெடித்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். நின்று பார்த்தால் கடல்தான். அயர்ன்மேன் என்ற பெரிய போட்டியும் 1999இலிருந்து அங்கேதான் நடக்கிறது: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். 1978இல் ஹவாய்த் தீவுகளில் முதன்முதலில் 15 பேர் இதைத் தொடங்கி 12 பேர் முடித்தார்களாம். அந்த மூன்று பேரைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

ஆச்சி 2006இல் அந்தப் பெரிய போட்டிக்குப் போயிருக்கிறார். அன்று அடித்த காற்றில் நீச்சலையே நிறுத்திவிட்டு, சைக்கிளையும் ஓட்டத்தையும் பாதியாக வெட்டிவிட்டார்கள். 2012இலும் புயலால் ஒரு நாள் தள்ளிவைத்துப் பாதித் தூரம்தான் நடத்தினார்கள். 2006ஐப் பற்றிப் பேச்செடுத்தால் ஆச்சிக்கு இன்றைக்கும் முகம் மாறிவிடும். "அரைப் பதக்கம்" என்று அதை அலமாரிக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

நான் போனது பொடிப் பிள்ளைகளும் சேரும் சின்னது: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். முதல் நாளே ஆச்சியின் வேனில் போய் அதற்குள்ளேயே படுத்துக்கொண்டோம். பெயர் பதியும் மேசையில் ஒரு படிவம் தந்தார்கள். அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று அதில் ஒரு கட்டம். அக்காவின் நம்பரை எழுதினேன். 94 என்று தொடங்கும் நம்பரைப் பார்த்துவிட்டு, இங்கே யாருமில்லையா என்று அந்தப் பிள்ளை கேட்டது. நான் யோசிப்பதற்குள் ஆச்சி பேனாவைப் பிடுங்கித் தன் நம்பரை மேலே எழுதிவிட்டார்.

விடிந்தபோது ஏரி முழுக்க வெள்ளை நுரை. நீச்சலைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லோரும் முணுமுணுத்தார்கள், நான் மனசுக்குள் அந்தோணியாருக்கும் மாரியம்மனுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். சைக்கிள்களை மாட்டியிருந்த கம்பி வரிசையில் துவாய், தொப்பி, சட்டை எல்லாம் பறந்துகொண்டிருந்தன. ஆளாளுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். நம் லயத்துத் தகரத்துக்கு அப்பா கல் வைப்பது மாதிரி நான் மட்டும் என் சட்டைமேல் ஒரு கல்லை வைத்துவிட்டு நின்றேன்.

தண்ணீருக்குள் விஷயம் ஒன்றுதான், எந்தப் பக்கம் வாயைத் திறப்பது என்பது. காற்று வரும் பக்கம் தலையைத் திருப்பினால் ஏரியே வாய்க்குள் வந்துவிடும். இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகு என்று ஆச்சி கத்தியது அப்போதுதான் விளங்கியது. மிதவை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அலை நம்மைத் தூக்கும் நேரத்தில் தலையை நிமிர்த்த வேண்டும். தாழ்ந்த நேரத்தில் நிமிர்த்தினால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். ஒருவன் என் காலைப் பிடித்து இழுத்தான், வேண்டுமென்று இல்லை. அம்மா பயப்பட வேண்டாம், பக்கத்திலேயே படகு நின்றது. தண்ணீரும் குளிர்தான், ஆனால் மார்கழியில் பீலித் தண்ணீரில் தலைக்குக் குளித்தவனுக்கு அது ஒன்றுமில்லை.

சைக்கிளில்தான் காற்று தன் வேலையைக் காட்டியது. தம்பி, உனக்கு ஒரு கணக்கு. காற்றில்லாத நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் 20 கிலோமீட்டருக்கு 40 நிமிடம். எதிர்க்காற்றில் முதல் 10 கிலோமீட்டரை 15 வேகத்தில் ஓட்டினால் அதற்கே 40 நிமிடம் போய்விட்டது. திரும்பும்போது காற்று எவ்வளவு தள்ளினாலும் போன நேரம் வராது, 40 வேகத்தில் பறந்தாலும் மொத்தம் 55 நிமிடம். இன்னொன்று, 30 வேகத்தில் போகிறவனுக்கு எதிரே 30 வேகத்தில் காற்றடித்தால் அவன் முகத்தில் படுவது 60. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. உங்கள் பள்ளிக்கூடத்துச் சேரிடம் கேள், விளக்கிச் சொல்வார்.

முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. 10 மீட்டர் இடைவெளி விட வேண்டும், விடாவிட்டால் மோட்டார் சைக்கிளில் வரும் நடுவர் அட்டை காட்டுவார். என்னோடு வந்தவர்களில் பலரிடம் லட்சக்கணக்கான ரூபா பெறுமதியான சைக்கிள்கள். சில்லின் விளிம்பு அகலமாக, பாய்மரம் போல இருக்கும், சிலவற்றில் பின் சில்லைத் தட்டாகவே மூடியிருப்பார்கள். அமைதியான நாளில் அது வேகம் கொடுக்கும், பக்கக் காற்றில் ஆளைத் தூக்கி வேலிக்குள் போடும். ஹவாய்ப் போட்டியில் அந்த மூடிய சில்லுக்குத் தடையே போட்டிருக்கிறார்கள். ஆச்சி எனக்குத் தந்த பழைய சைக்கிளில் சாதாரணக் கம்பிச் சில்லு. அன்றைக்கு அதுதான் நல்லது.

அந்தப் பாதையில் பண்ணைகளுக்குக் காற்றுத் தடுப்பாகப் பைன் மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். மரம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, கேட் வரும் இடத்தில் மரமில்லை, அங்கே காற்று பக்கவாட்டில் அறையும். எனக்கு முன்னால் போன இருவர் புல்லுக்குள் போய் இறங்கினார்கள். எனக்கு அந்த இடம் வருமுன்பே உடம்பு தானாகச் சாய்ந்தது. அப்புத்தளையில் ரெயில் பாதையோரமாகப் பள்ளிக்கூடம் போன உடம்பு அல்லவா? மண் வெட்டின இடம் முடிந்து பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் குடையை மடக்கிவிட்டுச் சாய்ந்து நடக்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக்கூடாது என்பது மட்டும்தான் புதுப் பாடம்.

ஓட்டத்தில் ஒளிவதற்குத் தடையில்லை. நல்ல அகலமான மனிதர் ஒருவர் முன்னால் போனார், அவர் முதுகுக்குப் பின்னாலேயே பாதித் தூரம் போனேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். முடிக்கும் இடத்தில் ஒலிபெருக்கிக்காரர் என் பெயரைக் கடித்துத் துப்பி, "ஸ்ரீலங்காவிலிருந்து" என்று சேர்த்தார். எத்தனையாவது என்று கேட்காதீர்கள், கடைசி இல்லை. ஒரு வாழைப்பழமும் அரைத் தோடம்பழமும் தந்தார்கள். மற்றவர்களுக்குப் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டார்கள். நான் புல்லில் உட்கார்ந்து வாழைப்பழத்தைச் சாப்பிட்டேன். பைன் மரத்தில் காற்று அடிக்கும் சத்தம் நம் லயத்துக்கு மேலே சவுக்கு மரத்தில் அடிக்கும் அதே சத்தம்தான், அம்மா. கண்ணை மூடினால் அடுப்புப் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பி வருவதும், கதவுக்குக் கீழே நீங்கள் சாக்கைச் சுருட்டி வைப்பதும், அப்பா இருமுவதும், எல்லாம் அப்படியே. அந்தச் சாக்கை இப்போதும் வைக்கிறீர்களா? ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட வேண்டும் போல இருந்தது. நான் சுட்டால் ரொட்டி ஓடு மாதிரி வருகிறது, மாவு வேறு என்று நினைக்கிறேன்.

காற்று தூசியை வாரிக் கண்ணில் போட்டதில் கண் சிவந்துவிட்டது, ஆச்சி மருந்து விட்டார். வேறொன்றுமில்லை.

குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் குளிர் தொடங்கவில்லை. அறையில் ஹீட்டர் இருக்கிறது, அதன் சூட்டில் தலை வலிக்கிறது என்று நான்தான் போடுவதில்லை. நானும் சன்னலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

சரி, இனி வீட்டு விஷயம். கூரைத் தகரம் மாற்ற அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கப் போவதாக அக்கா எழுதியிருக்கிறாள். அதைச் செய்ய வேண்டாம். வருஷப் பிறப்புக்கு அனுப்பும் காசு இந்த முறை இரண்டு தடவையாக வரும், இங்கே வங்கியில் ஏதோ நடைமுறை மாற்றம். முதல் பாதி வருஷத்துக்கு முன்பே வந்துவிடும், அதில் துணி எடுங்கள், எனக்காக ஒன்றும் வாங்க வேண்டாம். இரண்டாவது பாதி தகரத்துக்கு. ஆடி மாதக் காற்று தொடங்குமுன் வேலை முடிய வேண்டும். நம் பக்கத்துக் கொழுந்துக்கு நல்ல விலை வாங்கிக் கொடுக்கும் அதே வறண்ட காற்றுதான் கூரையையும் கொண்டுபோகும், ஞாபகமிருக்கட்டும்.

கல் வைத்தால் போதும் என்று அப்பா சொல்வார். போதாது. ஆச்சியின் மருமகன் கூரை வேலைக்காரன், இந்த வெலிங்டனிலேயே காற்றோடு மல்லுக்கட்டுகிறவன். அவனிடம் கேட்டேன். காற்று முதலில் பிய்ப்பது கூரையின் ஓரத்தையும் முகட்டையும்தான், அங்கே ஆணியை நெருக்கமாக அடிக்க வேண்டும். தகரத்தைக் காற்று வராத பக்கமிருந்து போட்டுக்கொண்டு வர வேண்டும், அப்போது மேலே விழும் விளிம்பின் வாய் காற்றுக்கு எதிரே திறந்திருக்காது. இதல்கஸ்ஹின்ன பக்கமிருந்து காற்று வருவதால் மாட்டுக்கொட்டில் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வெறும் ஆணி வேண்டாம், ரப்பர் வாஷர் போட்ட திருகாணி வாங்குங்கள். பழைய மரம் உளுத்திருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மரத்தோடு சேர்ந்து போகும்.

அப்பாவின் ஈ.பி.எஃப் சேமலாபக் காசு விஷயத்தில், அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோட்டப் பதிவில் இன்னொரு பெயரும் இருப்பதால்தான் திருப்பி அனுப்புகிறார்கள். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். அப்பா தனியாகப் போக வேண்டாம், அக்காவும் கூடப் போகட்டும். மூலப் பத்திரத்தை எவரிடமும் விடாதீர்கள், போட்டோ கொப்பி மட்டும் கொடுங்கள்.

நோர்வூட் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். பையன் கொழும்பில் என்ன வேலை செய்கிறான் என்று மாமா விசாரிக்கட்டும், அக்காவுக்குப் பிடித்திருக்கிறதா என்று அம்மா விசாரியுங்கள். தம்பி ஏ.எல். பரீட்சை முடிக்காமல் வெளிநாட்டுப் பேச்சை எடுக்கக்கூடாது. எடுத்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்.

பி.கு.: தம்பி, கூரையின் நீளம், அகலம் இரண்டையும் நூல் பிடித்து அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. எத்தனை தகரம் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், பண்டாரவளைக் கடைக்காரர் சொல்லும் கணக்கை நம்பாதே.