புத்தாண்டுக்கு ஹாப்பிங் ஜான்

அன்புள்ள கண்ணு,

புத்தாண்டு அன்று எட்டுப் பேருக்கு ஹாப்பிங் ஜான், அதாவது அமெரிக்கத் தென்பகுதியின் பயறு சாதம், ஆக்கப் போகிறேன் என்றாய். போனில் சொன்னால் அடுப்பு முன்னால் நிற்கும்போது பாதி மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நம் தட்டப்பயறுதானே என்று கை தானாகக் கடுகு, கறிவேப்பிலைப் பக்கம் போகும். அது வேறு சமையல், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள். அமெரிக்கத் தென்பகுதிப் பயறுக்கு உயிர், புகைபோட்ட இறைச்சி வெந்த சாறு. பயறும் அரிசியும் அந்தச் சாற்றில்தான் வேக வேண்டும். சாறு சரியாக இறங்கிவிட்டால் மீதி வேலை சுலபம். சாறு சப்பென்று இருந்தால் மேலே என்ன மசாலா போட்டாலும் ஒட்டாது.

சாமான்கள்: பயறு 450 கிராம், புகைபோட்ட ஹாம் ஹாக் (பன்றியின் கணுக்கால் துண்டு) இரண்டு, வெங்காயம் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, பச்சைக் குடைமிளகாய் ஒன்று, பூண்டு நாலு பல், காய்ந்த தைம் ஒரு டீஸ்பூன், பே இலை இரண்டு, சிவப்பு மிளகாய்ச் செதில் அரை டீஸ்பூன், நீள அரிசி இரண்டு கப். பே இலையை அமெரிக்கக் கடையிலேயே வாங்கு. இந்தியக் கடையில் கிடைக்கும் பிரிஞ்சி இலையில் பட்டை வாசம் அடிக்கும், இந்தச் சாற்றுக்கு ஒத்துவராது. பாஸ்மதியும் வேண்டாம், அதன் மணம் புகை வாசத்தோடு மல்லுக்கு நிற்கும். கரோலினா கோல்டு என்ற பழைய ரகம் கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் சாதாரண நீள வெள்ளை அரிசி போதும்.

பன்றி சாப்பிடாதவர்கள் வருகிறார்கள் என்றால் புகைபோட்ட வான்கோழி இறக்கையோ கழுத்தோ வாங்கு. தென்பகுதியில் நிறைய வீடுகளில் இப்போது அதைத்தான் போடுகிறார்கள், சுவையில் குறையே இல்லை. இறைச்சியே கூடாது என்றால் வெங்காயத்தை நல்ல பழுப்பாகும்வரை வதக்கி, காய்ந்த காளானும் இரண்டு டீஸ்பூன் புகைபோட்ட பாப்ரிகாவும் சேர். அதே சுவை வராது, ஆனால் சாற்றுக்கு ஒரு கனம் கிடைக்கும்.

முதல் நாள் சாயங்காலமே சாற்றைச் செய்து வைத்துவிடு. ஹாம் ஹாக்கைக் கழுவி, மூன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் விடு. தோல் நெகிழ்ந்து, சதை எலும்பை விட்டுக் கழன்று வர வேண்டும். அவசரம் என்றால் இதற்கு மட்டும் பிரஷர் குக்கரை எடு, பயறுக்கு எடுக்காதே. உப்பு போடவே போடாதே, ஹாக்கிலேயே உப்பு ஏறியிருக்கிறது. ஆறியதும் எலும்பையும் தடித்த தோலையும் நீக்கிச் சதையை உதிர்த்து வை. ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு உறையும், அதை எறியாதே, காய் வதக்க அதுதான் எண்ணெய்.

பயறை ஊறவைக்காமலும் வேகவைக்கலாம், ஆனால் ஊறினால் ஒரே சீராக வேகும். கல் பொறுக்கி, இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் உப்பு கரைத்து, நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஊறவிடு. உப்பு போட்டால் பயறு வேகாது என்று நம் பக்கம் சொல்வார்கள். அது சரியில்லை, உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தை வெளியேற்றி அதை இளக்கிவிடும். வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். தக்காளி, வினிகர் எதுவானாலும் பயறு வெந்த பிறகே சேர். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு முறை அலசு.

மறுநாள், உறைந்த கொழுப்பில் இரண்டு ஸ்பூன் எடுத்துக் கனமான பாத்திரத்தில் சூடாக்கு. பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கு, எட்டு நிமிஷத்தில் மெத்தென்று ஆகிவிடும், சிவக்க வேண்டாம். பிறகு பூண்டு, தைம், மிளகாய், பே இலை. பக்கத்தில் வைக்கும் கீரைக்கு இரண்டு கப் சாற்றை எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்று, பயறைப் போடு, பயறுக்கு மேலே இரண்டு விரல் உயரம் சாறு நிற்க வேண்டும். குறைந்தால் வெந்நீர் ஊற்று.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். சாறு தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஓரத்தில் அங்கங்கே ஒரு குமிழி வந்து உடைந்தால் போதும். கொதி அதிகமானால் பயறு ஒன்றோடொன்று மோதித் தோல் கழன்று, உள்ளே வேகும் முன்பே மேலே கூழாகிவிடும். கரண்டியால் கிண்டாதே, பாத்திரத்தைப் பிடித்து லேசாக ஆட்டிவிடு. முப்பத்தைந்து நிமிஷத்திலிருந்து பார்க்க ஆரம்பி. ஒரு பயறை மட்டும் நசுக்கிப் பார்த்து முடிவு செய்யாதே, ஐந்தாறு எடுத்துப் பார். எல்லாமே நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே நசுங்க வேண்டும், ஆனால் முழுசாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஒன்றரை மணி நேரமாகியும் கடுக்கென்று இருந்தால் பயறு பழசு. கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டுப் பார், அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை அடிக்கும். நாளும் கிழமையும் பயறு ஏமாற்றாமல் இருக்க, அதிகம் விற்கும் கடையில் புதிதாக வாங்கு. உதிர்த்த சதையைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் சேர்த்து, அப்போதுதான் உப்புப் பார். உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டுப் பயனில்லை, வெந்நீர் ஊற்றித்தான் தளர்த்த வேண்டும்.

இனி அரிசி. 1847-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வெளிவந்த ஒரு சமையல் நூலில் ஒரு பைண்ட் சிவப்புப் பயறு, ஒரு பைண்ட் அரிசி, ஒரு பவுண்டு பேக்கன் என்றுதான் இருக்கிறது. பயறு வெந்த பாத்திரத்திலேயே அரிசியைக் கொட்டி, பிறகு தணலில் புழுங்கவிடுவார்கள். அளவு கைப்பழக்கத்தில் வராதவர்கள் அப்படிச் செய்தால் சாதம் குழைந்துவிடும். நீ பயறை வடிகட்டிச் சாற்றை அளந்துகொள். நீர் தெளியும்வரை கழுவிய அரிசி இரண்டு கப்புக்கு சாறு மூன்றரை கப். கொதித்ததும் இறுக மூடி, மிகச் சிறிய தீயில் பதினெட்டு நிமிஷம், அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம். நடுவில் திறக்காதே. முள்கரண்டியால் உதிர்த்து, மூன்று கப் பயறை மெதுவாகக் கலந்துவிடு. மீதிப் பயறை மிச்சச் சாற்றோடு தனிக் கிண்ணத்தில் வை. சாறு நீர்த்திருந்தால் ஒரு கைப்பிடிப் பயறை மசித்துக் கலக்கு, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் நின்றால் சரி.

பக்கத்தில் காலார்டு என்ற, முட்டைக்கோஸ் இனத்துக் கீரையும் சோள ரொட்டியும் இல்லாவிட்டால் புத்தாண்டுச் சாப்பாடு ஆகாது. பயறு காசு, கீரை நோட்டு, ரொட்டி தங்கம் என்பார்கள். நடுத்தண்டை நீக்கி நறுக்கிய கீரையை, எடுத்து வைத்த சாற்றில் முக்கால் மணி நேரம் வேகவிடு. அந்தக் கீரைச் சாற்றுக்குப் பாட்லிக்கர் என்று பெயர், ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடு, ஒரு சொட்டும் வீணாக்காதே. ரொட்டிக்கு இரும்புச் சட்டியைக் கொழுப்போடு அடுப்பில் காயவைத்து அதன்மேல் மாவை ஊற்றினால்தான் அடி மொறுமொறுக்கும். மேசையில் மிளகாய் ஊறிய வினிகர் கட்டாயம் இருக்கட்டும். கனமான சாப்பாட்டுக்கு அந்தப் புளிப்புத் தேவை.

விருந்தினர்களிடம் இது யாருடைய சாப்பாடு என்றும் சொல். இந்தப் பயறு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு கடல் கடந்து வந்தது. கரோலினா வயல்களில் நெல் விளைந்ததும் அவர்களுடைய உழைப்பாலும் அறிவாலும்தான். செனகலிலும் கானாவிலும் இன்றும் அரிசியும் இந்தப் பயறும் சேர்த்துச் சமைக்கிறார்கள். அந்தக் கரையோரத்தில் வாழும், அவர்கள் வழிவந்த கல்லா கீச்சி மக்களிடம் அந்தக் கைப்பக்குவம் அறாமல் இருக்கிறது. அடிமைகளை விடுவிக்க லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வந்ததும் 1863 ஜனவரி 1-ஆம் தேதி. அந்த நாளில் சமைக்கிறவள் இதைத் தெரிந்துகொண்டு சமைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் வை. மறுநாள் மிஞ்சிய ஹாப்பிங் ஜானை அங்கே ஸ்கிப்பிங் ஜென்னி என்பார்கள். இரண்டு ஸ்பூன் சாறு தெளித்து மூடிச் சூடாக்கு, ருசி முதல் நாளை விடக் கூடியிருக்கும். மூன்று நாளைக்கு மேல் வைக்காதே. சாற்றோடு இருக்கும் பயறை மட்டும் ஃப்ரீசரில் வைக்கலாம், சாதத்தை வைத்தால் விறைத்துப்போகும்.

ஹாம் ஹாக்கை இந்த வாரமே வாங்கிவிடு, வருஷக் கடைசியில் கடைகளில் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
அம்மா