கல்விச் சீருக்கு முன் ஒரு பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளுக்கு ஊர்மக்கள் மேளதாளத்தோடு கல்விச் சீர் கொண்டுசெல்லும் செய்திகளைத் தங்கள் நாளிதழ் படத்துடன் வெளியிட்டு வருகிறது. வரவேற்க வேண்டிய செயல். ஆனால் வந்து குவிவது பெரும்பாலும் சுவர்க் கடிகாரமும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அதே பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறாமல் மோட்டார் பழுதாகிக் கிடக்கும். கொடுப்பவர்கள் மீது குறையில்லை. என்ன வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

காமராசர் ஆட்சியில், ஊரார் பள்ளிக்குப் பொருளும் பணமும் வழங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கின. அவை வென்றதற்குக் காரணம், என்ன வேண்டும் என்று முன்பே சொன்னதுதான். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முதலில் பள்ளிவாரியாகத் தேவைப் பட்டியல் எடுக்கச் செய்தார். அதன் பிறகே ஊராரிடம் கேட்டார்கள்.

இன்று அந்தப் பட்டியலை எடுக்க வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். குழுவினர் வளாகம் முழுவதும் நடந்து பார்த்து, ஒவ்வொரு தேவைக்கும் அளவு, மதிப்பு, வாங்கிய பிறகு ஆண்டுதோறும் ஆகும் செலவு ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். பலரும் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான். ஆர்ஓ குடிநீர் இயந்திரத்தை எவரேனும் நன்கொடையாகத் தந்துவிடுவார். ஃபில்டர் மாற்றப் பணமிருக்காது, ஓராண்டில் அது மூலைக்குப் போய்விடும். ஸ்மார்ட் டிவி வாங்கும் முன் வகுப்பறையின் வயரிங்கும் எர்த்தும் சரியா என்று பார்ப்பதும் அரிது. ஐம்பது முன்னாள் மாணவர்கள் மாதம் நூறு ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். பராமரிப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவர்களைத் தேடப் பழைய சேர்க்கைப் பதிவேடே போதும்.

கட்டடம், சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைகளுக்கு 'நமக்கு நாமே' திட்டம் உண்டு. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் செலுத்தினால் மீதி அரசுடையது. ஒரு லட்சம் திரட்டிய ஊர் மூன்று லட்ச ரூபாய் வேலையைக் கேட்கலாம். பொறியாளரின் மதிப்பீடு கைக்கு வந்த பிறகு வசூலைத் தொடங்குங்கள். தொகை தெரியாமல் வசூலித்து, போதாமல் வேலை நின்றால், அடுத்த முறை அந்த ஊரில் ஒருவரும் கைகொடுக்க மாட்டார். வெளியூரில் இருப்பவர்கள் 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளத்தில் தங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தே பணம் செலுத்தலாம்.

எந்தத் தொகையையும் தனிநபர் கணக்கிலோ தனிநபரின் ஜிபேயிலோ வாங்கக் கூடாது. குழுத் தீர்மானம், ரசீது, இருப்புப் பதிவேட்டில் பதிவு, அறிவிப்புப் பலகையில் வரவு செலவு ஆகியவை கட்டாயம். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) கேட்பவரிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அது கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி கல்விச் சீர் செய்தி வெளியிடும்போது, அந்தப் பள்ளிக்கு இன்னும் என்னென்ன தேவை என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்