இறுகிப்போன ஆயில் ஃபில்டர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

"ஆயில் மாத்த அரை மணி நேரம்னு சொன்னீங்க, மதியமே ஆயிடுச்சே?" பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து வண்டிகளோடு இந்தக் கேள்வியும் சேர்ந்தே வருகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பழைய ஃபில்டர் கழலவில்லை.

உப்புக்காற்றில் மரை துருப்பிடித்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மரை எப்போதும் ஆயிலில் நனைந்தே கிடப்பது; அங்கே துருவுக்கு வேலையில்லை. பிடித்துக்கொள்வது ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உட்காரும் ரப்பர் வளையம். போன முறை அதில் ஆயில் தடவாமல், கையால் முடிகிற வேலைக்கு ரெஞ்ச் போட்டு முறுக்கியிருப்பார்கள். மாதக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்து அது உலோகத்தோடு ஒட்டிப்போகும். ஆகவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்துப் பயனில்லை. உப்பு செய்யும் கெடுதல் வேறு: ஃபில்டரின் வெளித்தகட்டை அரித்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஓடித் திரும்பும் வண்டிகளில், பிடித்துத் திருகினாலே தகடு நசுங்குகிறது.

வீட்டிலேயே கழற்றிப் பார்ப்பவர்கள் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ரப்பர் இளகும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ஃபில்டரின் மூடிய முனை உங்களைப் பார்த்திருக்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பானெட் வழியாக மேலிருந்து குனிபவர்களுக்குத் திசை குழம்பி, இறுக்கிக்கொண்டே இருப்பதும் உண்டு! தகட்டின் எண்ணெயை நன்றாகத் துடைத்து, உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்ளே இருக்கும்படி சுற்றி, அதன்மேல் பெல்ட் ரெஞ்சைப் போடுங்கள். எஞ்சினை ஒட்டிய விளிம்பருகே பிடியுங்கள். அங்கேதான் தகட்டுக்குப் பலம். சமமாக அழுத்தம் கொடுங்கள், வெட்டி இழுக்காதீர்கள்.

ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பும் வித்தை எங்களுக்குப் பிடிக்காது. அரித்த தகடு சுற்றிலும் கிழிந்து, மரை உள்ள அடித்தட்டு மட்டும் எஞ்சினில் நிற்கும். அதன் பிறகு வண்டியை ஓட்டவே முடியாது. அப்படி ஆனால் மிச்சத் தகட்டை வெட்டியெடுத்து, அடித்தட்டின் துளை ஓரத்தில் உளியை வைத்து, கழலும் திசையில் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுவோம். வளையம் உட்காரும் அலுமினிய முகத்தில் உளி பட்டுக் கீறல் விழுந்தால் புது ஃபில்டரும் ஒழுகும். நேரம் போவது இந்த நிதானத்துக்குத்தான். தீ காட்டச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். உள்ளே இருப்பது ஆயில்.

கழன்றதும் பழைய வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். எஞ்சினில் தங்கிய வளையத்தின் மேலேயே புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஆயில் பீய்ச்சிவிடும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் சுற்றி, முகத்தைத் தொட்ட பின் முக்கால் சுற்று. உங்கள் ஃபில்டரின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி. பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கும் வண்டிகளுக்கு இந்த முக்கால் சுற்றுக் கணக்கு பொருந்தாது. மூடியில் எழுதிய முறுக்கு அளவே கணக்கு.

வண்டியை விடும்போது கடைசியாக ஃபில்டர் மாற்றிய கிலோமீட்டரைச் சொல்லுங்கள். தகடு கிழியும் நிலையில் இருந்தால், கை வைக்கும் முன் உங்களுக்குப் போன் செய்து, கூடுதல் நேரத்தையும் கூலியையும் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
பட்டறையார்